சித்தம் என்றால் சம்மதமா

எங்கள் காலனியில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம். அந்தச் சொல் ‘சித்தம்’. ஏரிக்கரை வயலுக்குப் போ என்று ஆண்டை சொன்னால், ‘சித்தம் ஆண்டே’. இந்த வருஷம் பொங்கலுக்கு வேட்டி கிடையாது என்றால் அதற்கும் ‘சித்தம் ஆண்டே’. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டால் அங்கேயும், ‘உமது சித்தம் ஆண்டவரே’. வயலில் இருப்பவர் ஆண்டை, கோயிலில் இருப்பவர் ஆண்டவர். எழுதும்போதுதான் வித்தியாசம் தெரியும். எங்கள் வாய்க்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் வந்துகொண்டிருந்தன. இந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டை, ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சலோமி. ஊர் சாலவாக்கத்துப் பக்கம். வீட்டுக்காரர் ஆசீர்வாதம், ஆண்டை வீட்டுப் படியாள். வருஷம் முழுக்க ஒரே வீட்டுக்கு உழைக்கிறவரைத்தான் படியாள் என்பது. படியாள் பெண்சாதி என்றால் நடவுக்கும் களையெடுப்புக்கும் அவளும் போயாக வேண்டும். யாரும் கேட்பதில்லை, அது சேர்ந்தே வருவது.

முள் எப்போது குத்தியது என்று எனக்கு ஞாபகமே இல்லை. செருப்பில்லாத காலில் குத்துகிற முள்ளை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஊக்கால் நோண்டி எறிந்துவிட்டு நாற்றைக் கையில் எடுத்திருப்பேன். ஒரு நாள் பார்த்தால் இடது பாதத்தின் மேல் ஒரு கட்டி. வலியில்லை. அடுத்த நடவுக்குள் பாதம் முழுக்க வீங்கிப் பலாக்காய்த் தோல் போல ஆகிவிட்டது. அங்கங்கே சின்ன ஓட்டைகள், ஓட்டையில் சீழ், சீழில் கடுகு மாதிரிக் கறுப்பு மணிகள். வலித்திருந்தால் அப்போதே அலறிக்கொண்டு ஓடியிருப்பேன். வலிக்காத நோய் இருக்கிறதே, அது சரியான களவாணி.

அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினாள். வீட்டுக்காரர் எண்ணெய் தடவி ஜெபம் செய்தார். அவருடைய ஜெபம் எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: உமது சித்தம். நானும் ஆமென் சொல்லிவிட்டு மறுநாள் சேற்றில் இறங்குவேன்.

கடைசியில் காய்ச்சல் வந்து, நடவுக்குச் சேறு கலக்கிச் சேடை ஓட்டிய வயலிலேயே விழுந்தேன். வீட்டுக்காரர் என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை மேலேயே பஸ் ரோட்டுக்கு நடந்தார்.

“இன்னாமே இவ்ளோ கனம் கனக்கற? எனக்குத் தெரியாம வேற எங்கனா கஞ்சி குடிச்சிக்கினு கீறியா?” என்றார்.

“ஆமா, ஆண்டை வூட்ல நெய்யும் சோறுமா போட்டாங்க. பேசாம நடய்யா,” என்றேன். எனக்குப் பயம், அவருக்கும் பயம். பயத்தை மறைக்க இந்த மனுஷனுக்குக் கிண்டலை விட்டால் வேறு வழி தெரியாது.

டவுனில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு, பெஞ்சு நிறையச் சனம், எல்லார் மேலும் ஒரே மருந்து வாடை. காத்திருப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. ரத்தம் எடுக்கக் காத்திருந்தோம், எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தோம். எக்ஸ்ரே என்பது ஒன்றுமில்லை. ஓர் இருட்டறையில் சில்லென்ற பலகை மேல் காலை வைத்து, ஆடாமல் அசையாமல் இரு என்பார்கள். உள்ளே இருக்கிற எலும்பு படத்தில் தெரியும். பிறகு பாதத்திலிருந்து ஒரு துணுக்குச் சதை வெட்டி எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்க்க அனுப்பினார்கள்.

என்னைப் பார்த்த டாக்டரம்மா தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். அவரும் எங்கள் வேதம்தான். அவர் பேசுவதும் நாங்கள் பேசுவதும் ஒரே தமிழ் என்று இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருந்தோம். அதில்தான் வந்தது வினை.

நோயின் பெயர் மதுராக் கால் என்றார். மதுரைப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்களாம். மண்ணில் ஒருவகைப் பூஞ்சை இருக்கிறது. முள் குத்திய ஓட்டை வழியாக உள்ளே போய், சதைக்குள் குடியிருந்து, மெதுவாக எலும்பு வரைக்கும் தின்றுகொண்டே போகும். அந்தக் கறுப்பு மணிகள் அதனுடைய பிள்ளைகுட்டிகள். பென்சிலின் ஊசி போட்டார்கள், பெரிய பெரிய சல்பா மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் தணிந்தது, கால் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் உத்திரமேரூர் மளிகைக்கடைக்காரர் சம்சாரம் ஒரு பீவியம்மா. வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள். அவருக்கு வீட்டிலிருந்து நாஷ்டா வரும். அதில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். “சாப்புடு, நான் தின்னா தையல் பிரிஞ்சிக்கும்னு சொல்லிக்கீறாங்க,” என்பார். அப்படி யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தோடு வந்தார். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார்.

“பாதத்து எலும்பெல்லாம் அரிச்சுப் போச்சு. இனி மருந்துக்குக் கேக்காது. முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டா உயிருக்குப் பயமில்லை, முட்டி இருக்கறதால கட்டைக்கால் வெச்சு நடக்கலாம். விட்டுட்டா மேலே ஏறும். அப்புறம் முட்டியும் போயிரும், உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல மாட்டேன். நீங்க என்ன சொல்லுதீங்க?”

வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கர்த்தர் சித்தம்மா,” என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “நீ?”

“சித்தம்மா,” என்றேன்.

“நல்லது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே வீட்டுக்காரர், இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருக்க ஆண்டையிடம் உத்தரவு கேட்பதற்காக ஊருக்குக் கிளம்பினார். படியாளுக்குப் பெண்சாதி சாகக் கிடந்தாலும் உத்தரவு வேண்டும். மறுநாள் காலையில் நர்சம்மா ஒரு காகிதத்தை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடு என்றார். வெள்ளை உடுப்புக்காரர் சொன்னால் போட வேண்டியதுதானே. போட்டேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தள்ளுவண்டியில் படுக்க வைத்து வராந்தாவில் தள்ளிக்கொண்டு போகும்போதுதான், இன்றைக்குத்தான் வெட்டப் போகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது. என்னிடம் கேட்டார்கள், நான் ஒத்துக்கொண்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எப்போது ஒத்துக்கொண்டேன்? ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஒரு சொல்லை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லையே.

ஆபரேஷன் ரூம் வாசலில் வண்டி நின்றபோது வராந்தாக் கோடியிலிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். வண்டியை மறித்துக்கொண்டு நின்றார்.

“யாரக் கேட்டு இவ கால வெட்டப் போறீங்க?”

டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். “உங்களைத்தான் கேட்டேன். கர்த்தர் சித்தம்னு சொன்னீங்களே.”

“அதத்தாம்மா சொன்னேன். கர்த்தர் சித்தம்னா, அவரு பாத்துக்குவாரு, நீங்க தொடாதீங்கன்னு.”

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. என்னிடம் குனிந்தார். “நீ சித்தம்னியே. சித்தம்னா சம்மதம்தானே?”

“சித்தம்னா… சித்தம்மா,” என்றேன்.

நர்சம்மா சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார். “வார்டுக்கே கொண்டுபோங்க,” என்றார். பிறகு என்னிடம் வந்து, “நான் சரியாக் கேக்கலை. அது என் தப்பு. ஆனா இனி நீ உன் வாயால வேணும், வேண்டாம்னு சொல்ற வரைக்கும் நான் கத்தியைத் தொட மாட்டேன். கர்த்தர் சித்தத்தை நான் அவர்கிட்ட கேட்டுக்கிடுதேன். உன் சித்தம் என்னன்னு நீ சொல்லு,” என்றார்.

உன் சித்தம். அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே காய்ச்சல் திரும்ப வந்தது. பாதத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது, தொடையிடுக்கில் நெறி கட்டியது. ஓட்டைகள் வழியாக வேறு கிருமி உள்ளே போய்விட்டது என்றார் டாக்டரம்மா. ஊதாப் பென்சிலை எச்சில் தொட்டு, சிவப்பு முடிகிற இடத்தில் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். “இந்தச் சிவப்பு முட்டியைத் தொட்டா முட்டிக்கு மேலேதான் எடுக்கணும். சீக்கிரம் யோசி,” என்றார். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. இன்னொரு கோடு போட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. போர்வையை விலக்கி விலக்கிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரி நிறையும்போது கரையில் நின்று மதகையே பார்ப்போமே, அப்படி.

பீவியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்கள்லயும் எல்லாம் அவன் நாட்டம்தான். ஆனா எனக்குப் பீர்க்கங்கா கொழம்பு வோணும்னா நாந்தான் வாயத் தொறந்து கேக்கணும். அல்லா வந்து எங்க வூட்டுக்காரர் காதுல ஓதுவாரா?”

சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் அதிர்ந்தது. இப்போது வலிக்கவும் ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் குளத்தங்கரைக் கதை ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை கேட்ட கதை. குளத்து மண்டபத்தில் வருஷக்கணக்காகக் கிடக்கிற ஒரு நடக்கமாட்டாதவனிடம் ஆண்டவர் போய், சொஸ்தமாக உனக்கு விருப்பமா என்று கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது அசட்டுக் கேள்வியாகப் பட்டது. வேண்டாம் என்று எவனாவது சொல்வானா? ஆனால் அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை. தூக்கிவிட ஆளில்லை, எனக்கு முன்னால் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று நீட்டி முழக்குகிறான். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. எங்கள் காலனி ஆள் தோற்றான். அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் உறைத்தது: எல்லாம் வல்லவர், கேட்காமலே தூக்கி நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் கேட்டார்.

வீட்டுக்காரர் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார். கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று தான் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். இவரிடம் எப்படிச் சண்டை போடுவது? போட்டேன்.

“ஏன்யா, முள்ளு குத்துச்சே, அது யாரு சித்தம்?”

“அவரு சித்தமில்லாம ஒரு மயிரும் உதிராதுன்னு கீது. முள்ளும் அவரு சித்தம்தான்.”

“நீ என்னை முதுவுல தூக்கிக்கினு வந்தியே, அது?”

“அதுவும்தான்.”

“அப்ப டாக்டரம்மா கத்தி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி? அது மட்டும் அவருக்குத் தெரியாம வந்துடுச்சா?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். அத்தனை வருஷத்தில் நான் அப்படி எதிர்த்துக் கேட்டதில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு வேதமும் தெரியாது ஒண்ணும் தெரியாதுமே. வெட்டுங்கன்னு நான் சொல்லி, நீ உள்ளாறயே செத்துட்டா, நாந்தானே கொன்னவன்? வெட்டாதீங்கன்னு சொல்லி செத்தாலும் நாந்தான். கர்த்தர் சித்தம்னா யாரு மேலயும் பழி கெடையாது. ராத்திரில தூக்கம் வரும்.”

“வருதா?”

“இல்ல,” என்றார். அப்புறம் அழுதார். வார்டு முழுக்கப் பார்க்க, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துபோயிற்று. இத்தனை நாளும் பக்தி என்று நான் நினைத்திருந்ததில் பாதி, பயந்த மனுஷன் ஒளிந்துகொள்ள இடம் தேடியதுதான். நானும் அங்கேதான் ஒளிந்திருந்தேன்.

“சரி, நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொல்றேன். செத்தா என் தலையில போவட்டும்,” என்றேன்.

டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். சிவப்பு முட்டிக்குக் கீழே நாலு விரற்கடையில் நின்றுகொண்டிருந்தது.

“சொல்லு,” என்றார்.

வாய் திறந்ததும் ‘சி’ என்றுதான் வந்தது, பாழாய்ப்போன பழக்கம். விழுங்கிக்கொண்டேன். “எனக்கு உசுரு வோணும்மா. முட்டி வோணும். கீழ கீறத எடுத்துடுங்க. நான் சொல்றேன்.”

“யாருக்காகவும் பயந்து சொல்லலையே?”

“பயந்துதாம்மா சொல்றேன். ஆனா நாந்தான் சொல்றேன்.”

டாக்டரம்மா என் தலையில் கை வைத்தார். “இப்பச் சொன்ன பாரு, இது சம்மதம்,” என்றார். கையெழுத்துப் போட்ட பழைய காகிதத்தை என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போய்விடும், நினைவு மட்டும் இருக்கும். முகத்துக்கு முன்னால் துணி கட்டியிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கேட்டது. தச்சன் பட்டறையில் கேட்கிற அதே சத்தம். அது என் எலும்பு. பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். ‘உம்முடைய சித்தம்’ என்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். ஆண்டவரே, சிலுவையில் அறைவதற்கு முந்தின ராத்திரி அந்தத் தோட்டத்தில் ரத்த வேர்வை சிந்திக்கொண்டு, இந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாமே என்று முதலில் தன் மனசைத்தானே சொன்னார். அப்புறம்தானே விட்டுக்கொடுத்தார். நாங்கள் அந்த முதல் பாதியைச் சொன்னதே கிடையாது. விட்டுக்கொடுக்க என்னிடம் ஒன்று இருந்தால்தானே விட்டுக்கொடுப்பது? ஆண்டவரே, நான் பிழைக்க வேண்டும் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். வெட்கமில்லாமல், சந்தையில் பேரம் பேசுகிறவள் மாதிரிச் சொன்னேன். ரம்பம் நின்றபோதுதான் மீதி ஜெபத்தைச் சொல்லி முடித்தேன்.

முட்டி தப்பியது. இரண்டு தடவை தையல் பிரிந்து, சீழ் வைத்து, பயமுறுத்திவிட்டுத்தான் ஆறியது. இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கும். சொறியப் போனால் படுக்கைதான் இருக்கும். நரம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை என்றார் டாக்டரம்மா. பில்லில் பாதியை ஆஸ்பத்திரியே தள்ளிவிட்டது, மீதிக்கு அத்தை வளர்த்த ஆடுகள் போயின. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொண்டுவந்து என் எதிரில் வைத்து, நான் தின்று முடிக்கும் வரை நகராமல் உட்கார்ந்திருந்தாள். பீவியம்மா வீட்டுக்குப் போகும்போது தன் போர்வையை வேண்டுமென்றே மறந்துவிட்டுப் போனார்.

கட்டைக்கால் பழகி ஊர் திரும்பியதும் ஆண்டை கூப்பிட்டனுப்பினார். களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நின்றார். நான் கோலை ஊன்றிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஆண்டை என் காலையே பார்த்தார். “நடவு வர நேரத்துல, யாரக் கேட்டு கால வெட்டிக்கினு வந்து நிக்கற?”

வீட்டுக்காரர் வாய் திறந்தார். ‘சித்தம்’ வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

“நான் யாரையும் கேக்கல ஆண்டே. என்னைத்தான் கேட்டாங்க.”

“உன்னையா? எவன் கேட்டான்?”

“டாக்டரம்மா கேட்டாங்க. அதுக்கு மின்னாடி எங்க ஆண்டவரு கேட்டாரு.”

களத்தில் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தை நிறுத்திவிட்டார்கள். ஆண்டை என் வீட்டுக்காரரைப் பார்த்து, “இன்னாடா ஆசீர்வாதம், இவ இன்னா பேசறா?” என்றார்.

வீட்டுக்காரர் கக்கத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அவளத்தான் கேக்கணும் ஆண்டே,” என்றார்.